திருவருகைக் காலம்: 'நம்பிக்கை' திரியும் 'விசுவாச'த் திரியும் ஒன்றா?

கேள்வி – ஜெபக் குழுப் பொறுப்பாளர்
கத்தோலிக்க, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் வீட்டு ஜெபத்துக்கு நான்கு வாரக் கையேடு தயாராகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு 2026இல் நவம்பர் 29; வாரத்துக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றுவோம். ஒரு மாதிரியில் முதல் மெழுகுதிரி 'நம்பிக்கை', இரண்டாவது 'விசுவாசம்'. இன்னொன்றில் 'எதிர்நோக்கு', 'அமைதி'. எது சரி? விசுவாசத்தை விளக்க எந்தப் பகுதியை வாசிக்கலாம்?

பதில் – மறைக்கல்வி ஆசிரியை
1 கொரிந்தியர் 13:13ஐ இரண்டு வேதாகமத்திலும் அருகருகே வைத்துப் பாருங்கள், சிக்கல் எங்கே என்று தெரியும். சி.எஸ்.ஐ. வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு'. 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு'. 'நம்பிக்கை' என்றதும் ஒரு வீட்டார் ஒன்றை நினைக்கிறார்கள், அடுத்த வீட்டார் வேறொன்றை. கையேட்டில் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு 'எதிர்நோக்கு', 'விசுவாசம்' என்று போடுங்கள்.

திரிகளின் பெயர் வழக்கம்தான், விதி அல்ல. கத்தோலிக்க வழிபாட்டுக்கான திருப்பலி நூல் அவற்றுக்குப் பெயர் சூட்டவில்லை. 1839இல் ஹாம்பர்க்கில் லுத்தரன் போதகர் விஷர்ன் சிறுவர் இல்லத்தில் ஏற்றிய திருவருகைக் கால மெழுகுதிரி வளையத்தில் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரி நான்கு, வாரநாட்களுக்குச் சிறிய சிவப்புத் திரிகள். பிள்ளைகள் நாள் எண்ணுவதற்காக வைத்தது அது. ஆகவே இரண்டாம் வாரம் அமைதியா விசுவாசமா என்று சண்டை வேண்டாம்.

பதில் – வாசகப் பணியாளர்
பகுதிகளை, திருப்பலியில் அந்தந்த நாளுக்கான வாசகங்களைத் தரும் வாசக நூலே கோத்து வைத்திருக்கிறது. டிசம்பர் 19 திருமுழுக்கு யோவானின் தந்தை செக்கரியா (லூக்கா 1:5-25), 20 மரியா (1:26-38), 21 எலிசபெத்து (1:39-45). 2026இல் 20ஆம் தேதி ஞாயிறாக வந்தாலும் அன்றைய நற்செய்தி அதே பகுதிதான்.

மகன் பிறப்பான் என்று வானதூதர் சொன்னபோது செக்கரியாவும் மரியாவும் கேட்ட கேள்விகளைப் பிரித்துக் காட்டுங்கள். இது நடக்கும் என்று எதை வைத்து அறிவது என்று செக்கரியா சான்று கேட்கிறார். இது எப்படி நிகழும் என்று மரியா வழி கேட்கிறார். கேள்வி கேட்டாலே விசுவாசக் குறைவு என்று சொல்லிவிடுகிறோம், மரியாவும் கேட்டவர்தானே! செக்கரியாவையும், நம்பாததால் பேச்சிழந்த இடத்தோடு விட்டுவிடாதீர்கள். எழுதுபலகையில் 'யோவான்' என்று எழுதியதும் அவர் நா கட்டவிழ்கிறது (1:63-64). டிசம்பர் 24 காலைத் திருப்பலியின் நற்செய்தியே அவர் பாடிய பாட்டு.

மூன்றாம் வாரப் புதன், 2026இல் டிசம்பர் 16, இன்னும் ஆழமானது (லூக்கா 7:18-23). வரவேண்டியவர் நீர்தாமா என்று அதே யோவான் பின்னாளில் இயேசுவிடம் ஆளனுப்பிக் கேட்கிறார். இயேசு 'ஆம்' என்று சொல்லவில்லை; பார்வையற்றோர் பார்க்கின்றனர், கால் ஊனமுற்றோர் நடக்கின்றனர், கண்டதைப் போய்ச் சொல்லுங்கள் என்கிறார். நோயும் கடனும் நெருக்கும் வீட்டில் இதை வாசியுங்கள். அங்கே 'சந்தேகப்படாதே' என்று புத்தி சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

பதில் – ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்
சகோதரரே, ஏசாயா 7ஐயும் சேருங்கள். எல்லாரும் 14ஆம் வசனத்தை, கன்னிகையையும் இம்மானுவேலையும் மட்டும் வாசித்துவிட்டு நிறுத்துகிறோம். 1ஆம் வசனம் முதல் வாசித்தால்தான் பொருள் விளங்கும். சீரியாவும் இஸ்ரவேலும் சேர்ந்து எருசலேமின்மேல் படையெடுத்து வருகின்றன, யூதாவின் ராஜா ஆகாஸ் நடுங்குகிறான். விசுவாசியாவிட்டால் நிலைபெறமாட்டீர்கள் என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது (7:9). எபிரேயத்தில் விசுவாசிப்பதற்கும் நிலைபெறுவதற்கும் ஒரே வேர்ச்சொல். நாம் ஜெப முடிவில் சொல்லும் 'ஆமென்' அதே வேரிலிருந்து வந்ததுதான். ஆகாஸ் நிற்கவில்லை; ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அசீரியா ராஜாவுக்கு அனுப்பினான் (2 இராஜாக்கள் 16:8).

இதற்குப் பத்து நிமிடம் போதும். வாசித்ததும் உடனே விண்ணப்பங்களுக்குப் போய்விடாமல் இரண்டு நிமிடம் மௌனமாக இருக்கச் சொல்லுங்கள். பயத்தில் நாம் யாரிடம் ஓடுகிறோம் என்று அவரவர் யோசிக்கட்டும். பிறகு எல்லாரும் சேர்ந்து சத்தமாக ஒரே ஒரு 'ஆமென்'.