கணினிக் கேபினெட்டின் கூரையில் இன்னும் இரண்டு ஃபேன்கள் தேவையா?

செப்புக்கம்பி:
என்னுடைய கேபினெட்டின் முகப்பு மெஷ். அதில் தூசி வடிகட்டிக்குப் பின்னால் மூன்று 120 மி.மீ. ஃபேன்கள் காற்றை உள்ளிழுக்கின்றன. பின்புறம் ஒன்று வெளியேற்றுகிறது. பிராசசரைக் குளிர்விக்க, அதன்மேல் கோபுரம் போல் நிற்கும் டவர் வகை ஏர் கூலர். விளையாடும்போது பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து ஏறத்தாழ 400 வாட் எடுக்கின்றன. கைவசம் உள்ள இன்னும் இரண்டு ஃபேன்களைக் கூரையில் வெளியேற்றத்திற்கு மாட்டலாமா?

தென்றல்வாசி:
தயங்காமல் இரண்டையும் மாட்டுங்கள். இன்றைய கிராபிக்ஸ் கார்டுகளில் பெரும்பாலானவை தம் வெப்பத்தைக் கேபினெட்டுக்குள்ளேயே கொட்டுகின்றன; அந்த வெப்பம் பிராசசர் கூலருக்குள் புகுவதற்கு முன் அதை வெளியே தள்ளிவிட வேண்டும். வெப்பக்காற்று மேலே போகும் என்பது பள்ளிப் பாடம். கூரை இருப்பதே அதற்குத்தான்.

நள்ளிரவுத்தச்சன்:
கிராபிக்ஸ் கார்டைப் பற்றி நண்பர் தென்றல்வாசி கூறியதில் எனக்கு மறுப்பில்லை; பள்ளிப் பாடத்தை இங்கே இழுப்பதைத்தான் ஏற்க இயலவில்லை. அரை மீட்டர் உயரம்கூட இல்லாத ஒரு பெட்டிக்குள், உள்காற்று அறைக் காற்றைவிட 10 டிகிரி சூடாக இருந்தாலும், அது மேலெழ முனைவதால் உண்டாகும் அழுத்தம் 0.2 பாஸ்கலை ஒட்டியே இருக்கும். சாதாரண 120 மி.மீ. ஃபேனோ முழு வேகத்தில் 10 பாஸ்கலுக்கு மேல் தரவல்லது. ஆகவே காற்றின் பாதையை முடிவு செய்வது ஃபேன்தான்.

கூரையில் இரண்டு துளைகளும் ஒன்றல்ல. பின்பக்கத் துளை கூலரின் தலைக்கு மேலே இருப்பதால், கூலரைக் கடந்து வரும் சூடான காற்றை அது எடுத்துக்கொள்ளும். முன்பக்கத் துளையில் மாட்டினால், முகப்பின் உச்சியிலுள்ள ஃபேன் இழுத்துவரும் குளிர்ந்த காற்றில் பெரும்பங்கு, கூலரை எட்டுவதற்கு முன்பே ஒரு சாண் தூரத்தில் கூரை வழியாகப் போய்விடும். உங்களுக்கு மிஞ்சுவது இரைச்சல் மட்டுமே. எனவே ஒன்றைப் பின்பக்கத் துளையில் மாட்டிவிட்டு மற்றதை உதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று உள்ளே, இரண்டு வெளியே என்றால் பெட்டிக்குள் அழுத்தம் சற்றே கூடி, வடிகட்டி இல்லாத இடுக்குகள் வழியாகத் தூசி நுழைவதும் குறையும்.

தென்றல்வாசி:
எண்ணிக்கையை வைத்து அழுத்தத்தைக் கணிக்க முடியாது, நண்பரே. வடிகட்டிக்குப் பின்னால் நிற்கும் ஃபேன், அட்டைப்பெட்டியில் அச்சிட்ட அளவுக்குக் காற்றைத் தருவதில்லை. வடிகட்டியில் தூசி படிந்துவிட்டால் இன்னும் குறையும். உங்கள் மூன்றும் நடைமுறையில் இரண்டுக்குச் சமமாகலாம்.

மேலும், வெப்பத்தை வெளியே சுமந்து செல்வது காற்றின் அளவுதான். மணிக்கு 100 கன மீட்டர் காற்று 400 வாட்டைச் சுமந்தால், அது அறையைவிட ஏறக்குறைய 12 டிகிரி சூடாக வெளியேறும். 200 கன மீட்டர் என்றால் 6 டிகிரி. கோடையில் அறையே 36 டிகிரி இருக்கும் ஊர்களில் அந்த 6 டிகிரியை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை.

பழையபெட்டி:
இந்த வழக்கு நேற்றுத் தொடங்கியதன்று. 1995-இல் இண்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். என்ற கணினி வடிவமைப்பு வரையறையில், எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பகுதி) ஃபேன் காற்றை உள்ளே ஊதி, பெட்டியின் அழுத்தத்தைக் கூட்டுவதாகத்தான் இருந்தது. எஸ்.எம்.பி.எஸ். வழியே வந்த காற்று சூடேறியபின் பிராசசரை அடைந்ததால், பிறகு ஃபேனின் திசை மாறியது. தூசிக் கணக்கு சரி, காற்றுக் கணக்கு தவறு.

நள்ளிரவுத்தச்சன்:
பழையபெட்டி அவர்கள் கூறியது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது: எவ்வளவு காற்று என்பதைவிட, எந்தக் காற்று கூலரைத் தொடுகிறது என்பதே பெரிது. தென்றல்வாசியின் 12, 6 என்ற எண்கள் சரியானவை. ஆனால் காற்றை மறுபடியும் இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டிகிரிதான். அதுவும், நுழைந்த காற்று முழுவதும் வெப்பத்தை ஏந்திக்கொண்டு வெளியேறும் என்று வைத்துப் போட்ட கணக்கு. முன்துளை வழியாக வெறுங்கையோடு போகும் காற்று அந்தக் கணக்கில் சேராது.

வடிகட்டி பற்றிய குறிப்பை ஏற்கிறேன். எனவே எண்ண வேண்டாம், சோதித்துப் பார்க்கலாம். பக்கவாட்டுப் பலகையை மூடி, எல்லா ஃபேன்களையும் ஓடவிட்டு, பின்புறம் கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழேயுள்ள ஸ்லாட் (கூடுதல் கார்டுகளைச் செருகும் இடம்) இடுக்குகளின் அருகே ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுக்கப்பட்டால் அந்த வழியாகத் தூசியும் போகிறது என்று பொருள். வெளியே தள்ளப்பட்டால் அழுத்தம் போதும்.

செப்புக்கம்பி:
ஃபேனில் அம்புக்குறி இல்லை. எந்தப் பக்கம் காற்று வெளிவரும்?

தென்றல்வாசி:
மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கைகள் உள்ள பக்கமாக. அந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும்.

முன்துளையைப் பற்றி நான் இன்னும் இசையவில்லை. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரையில்) எல்லா ஃபேன்களின் வேகத்தையும் ஒரே அளவில் நிறுத்திவையுங்கள். இல்லையேல் வெப்பத்துக்கேற்ப வேகமும் மாறி ஒப்பீடே பாழாகும். பின்துளையில் மட்டும் ஒருமுறை, இரண்டிலும் ஒருமுறை என்று ஒரே விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டி, அறை வெப்பநிலையைக் கழித்து, பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் தனித்தனியாக எண்களை இங்கே பதியுங்கள். கிராபிக்ஸ் கார்டில் 2 டிகிரியாவது குறையும் என்பது என் எதிர்பார்ப்பு.

நள்ளிரவுத்தச்சன்:
பிராசசரில் அதே அளவு கூடும் என்பது என்னுடையது. பதியுங்கள்.