பைசல்பைற் மாற்றம் அரைகுறையா நிக்குது, ஆரும் வழி சொல்லுங்க

மட்டக்களப்பில இருந்து கேக்கிறம். டிஎன்ஏயில மெதைல் எண்ட சின்ன இரசாயன ஒட்டு எங்க இருக்கெண்டு பாக்கிறம். பைசல்பைற் உப்புப் போட்டா மெதைல் இல்லாத சைற்றோசின் எழுத்து யுராசிலா மாறும், மெதைல் ஒட்டினது மாறாம நிக்கும். ஒழுங்காக்கும் டி கலங்களில (நோயெதிர்ப்பு மிஞ்சிப் போகாமத் தடுக்கிற வெள்ளைக் கலங்கள்) ஃபொக்ஸ்பி3 மரபணுவுட சிஎன்எஸ்2 எண்ட கட்டுப்பாட்டுப் பகுதி மெதைல் இல்லாமக் கிடக்கணும். அப்பதான் அந்த மரபணு கலம் பிரிஞ்ச பிறகும் அணையாது. சாதாரண சிடி4 டி கலத்தில அதே இடம் மெதைலால மூடியிருக்கும்.

நாங்க வாசிச்ச டிஎன்ஏ வரிசையில ரெண்டு கலமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, மூடினதாத் தெரியுது. ஆனா சிபிஜி (சைற்றோசினுக்கு அடுத்து குவானின் வாற இடம், மெதைல் வழமையா அங்கதான் ஒட்டும்) இல்லாத இடத்திலயும் சைற்றோசின் மாறாம நிக்குது. அப்ப அது மெதைல் இல்ல, மாற்றம் முடியல்ல. இரட்டை இழை பிரியாத இடத்தில பைசல்பைற் வேலை செய்யாதே. இழையப் பிரிக்கிற 95 பாகைக் கட்டத்தில கரண்ட் போய் வந்தது, அதுதானோ?

போட்டது 500 நானோகிராம் டிஎன்ஏ, பெருக்கின துண்டு 250 காரச்சோடி, பெருக்கினது சாதாரண டாக் நொதியால (திருத்தம் பார்க்கிற நொதி யுராசிலில சிக்கிரும், தெரியும்). கொடையாளர் எல்லாம் ஆண்கள். ஃபொக்ஸ்பி3 எக்ஸ் நிறமூர்த்தத்தில இருக்கிறதால, பெண்ணெண்டா அடங்கின எக்ஸ் பாதி மெதைலக் காட்டிரும்.

இழை பிரிய முதல்ல 0.3 மோலர் சோடியம் ஐதரொட்சைட்டில 37 பாகை, 15 நிமிசம் வச்சிற்று மறுகா பைசல்பைற் போட்டாச் சரிவருமா? டிஎன்ஏ இன்னும் நொறுங்கிருமோ? முழுக்க மெதைலேற்றின கட்டுப்பாட்டு டிஎன்ஏ வந்தாறுமூலைப் பக்கம் ஆரிட்டயும் இருந்தா 1 மைக்ரோகிராம் காணும்.