ராணியின் கழுத்தில் இரண்டு எழுத்து

அப்பத்தா போன பிறகு அவருடைய சுருக்குப்பையைப் பிரித்தோம். காய்ந்த பாக்கு, எந்தப் பூட்டுக்கும் சேராத இரண்டு சாவி, ஒரு வெள்ளி ரூபாய். விக்டோரியா ராணி தலை போட்ட கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாய், 1840. கொக்கி மாட்ட உச்சியில் ஓட்டை போட்டிருந்தார்கள். வெள்ளிக் கடையில் காட்டினேன். தராசில் போட்டவர், "பதினொன்றரை கிராமுக்குக் கொஞ்சம் குறையுது தம்பி, ஓட்டை வேற. உருக்கத்தான் லாயக்கு" என்றார். கொடுக்க மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் ராணியின் கழுத்து முடியும் வெட்டில் கண்ணுக்கே தெரியாத அளவில் இரண்டு எழுத்து இருப்பது தெரிந்தது. டபிள்யூ. டபிள்யூ. கூட வேலை பார்க்கும் ஒருவர் யோசிக்காமல் சொன்னார்: "வேர்ல்ட் வார்." 1840இல் எந்த உலகப் போர் என்று கேட்டேன். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். இன்னொருவர் அடித்த ஊரின் குறி என்றார். அதுவும் இல்லை. அது காசு அடிக்கும் அச்சை வெட்டியவரின் பெயர்: வில்லியம் வயன், லண்டன் ராயல் மின்ட் என்ற நாணயச் சாலையின் தலைமைச் செதுக்குநர்.

பெயர் கிடைத்ததும் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். பெயரால்தான் வம்பே. வயன் குடும்பத்தில் எவரைத் தொட்டாலும் செதுக்குநர். ஜெர்மனியின் கொலோன் நகரிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த குடும்பம். வில்லியமின் அப்பா பீட்டர், பர்மிங்ஹாமில் அச்சு வெட்டியவர். பீட்டரோடு இரட்டையாகப் பிறந்த தாமஸும் அதே தொழில். அந்தத் தாமஸின் மகன் பெயரும் தாமஸ்! நம் ஊரில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைத்துக் குழப்புவோம், இவர்கள் மகனுக்கே வைத்துக் குழப்பியிருக்கிறார்கள்.

என் பெரிய தப்பு இங்கேதான். நான் எடுத்த முதல் குறிப்பில், "தலைமைச் செதுக்குநர் வயன், சஸெக்ஸ் கடற்கரையில் காசநோயால் காலமானார்" என்ற செய்தி கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு கட்டுரையே எழுதி, நாலு பேருக்கு அனுப்பியும் விட்டேன். அனுப்பிய பிறகுதான் ஆண்டைக் கவனித்தேன். 1817. விக்டோரியா பிறந்ததே 1819இல். பிறக்காத ராணியின் முகத்தை எப்படி வெட்டியிருப்பார்?

அது சின்னத் தாமஸ். 1815இல் 23 வயதில் தலைமைச் செதுக்குநர் ஆனவர். நெப்போலியனைத் தோற்கடித்த வாட்டர்லூவில் சண்டை போட்ட பிரிட்டிஷ் படையினர் எல்லோருக்கும், தளபதி முதல் சாதாரணச் சிப்பாய் வரை, ஒரே மாதிரிக் கொடுத்தார்களே, அந்த வெள்ளிப் பதக்கம் இவர் வெட்டியது. இரண்டே வருஷத்தில் ஹேஸ்டிங்ஸ் பக்கத்தில் இறந்துபோனார். வயது 25. நான் தேடிய வில்லியம் அவருடைய சித்தப்பா மகன். அவரும் இறந்தது சஸெக்ஸ் கடற்கரையில்தான், ஆனால் 34 வருஷம் கழித்து, பிரைட்டன் ஊரில்.

இது தெரியாமல் நான் வில்லியமை லண்டன் இறப்புப் பதிவுகளிலேயே மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தேன். மின்ட் இருந்தது லண்டன் டவர் ஹில்லில், மகன் லியோனார்டு பிறந்ததே மின்ட்டுக்குள் இருந்த வீட்டில், பிறகு வேறெங்கே இறந்திருப்பார் என்ற நினைப்பு. புதிதாகத் தேடுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இங்கிலாந்தில் 1837 ஜூலை முதல் இறப்புகளை அரசு பதிவு செய்கிறது. ஆனால் வாழ்ந்த ஊரில் இல்லை, உயிர் போன ஊரில். அந்தக் கால அட்டவணையும் மூன்று மாதத்துக்கு ஒன்றாக இருக்கும். ஊரும் காலாண்டும் தெரியாமல் உள்ளே போனால் வைக்கோல் போரில் ஊசிதான்.

அவரைப் பற்றி நிக்கோலஸ் கார்லைல் என்பவர் எழுதிய வரலாறு ஒன்று உண்டு. வேலைப் பட்டியலோடு ஆசையாகப் படித்தேன். அது வந்தது 1837இல், மனிதர் உயிரோடு இருக்கும்போதே. கடைசி 14 வருஷம் அதில் எப்படி இருக்கும்?

அந்தக் கடைசி வருஷம்தான் என்னை விடவில்லை. 1851 பிப்ரவரியில் மனைவி இறக்கிறார். மே மாதம் ஹைட் பார்க்கில் மாபெரும் கண்காட்சி திறக்கிறது. அதன் கவுன்சில் பதக்கம் 170, பரிசுப் பதக்கம் 2,918. இரண்டிலும் ராணி, அவர் கணவர் ஆல்பர்ட் இருவர் தலையும் சேர்ந்திருக்கும் முன்பக்கம் வில்லியம் வெட்டியது. பரிசுப் பதக்கத்தின் பின்பக்கம் மகன் லியோனார்டு வெட்டியது. அக்டோபர் 15 நிறைவு விழா. அக்டோபர் 29 வில்லியம் மரணம். பரிசு பெற்றவர்கள் அந்தச் சந்தோஷத்தில் இருந்த நேரத்தில் அப்பா போய்விட்டார்.

யாராவது இதுபோல் ஓர் எழுத்தைத் துரத்திப் போனதுண்டா? எழுதுங்கள்.

* * *

அண்ணே, நானும் இதே டபிள்யூவில் வழுக்கி விழுந்தவன். என்னிடம் மூன்றாம் ஜார்ஜ் ராஜா காலத்து கிரவுன் என்ற இங்கிலாந்து வெள்ளிக் காசு ஒன்று இருக்கிறது, 1819. அதிலும் இரண்டு டபிள்யூ, பக்கத்தில் ஒரு பி. வயன் வெட்டியது என்று ஆல்பத்தில் எழுதியே ஒட்டிவிட்டேன். அது வில்லியம் வெல்லஸ்லி போல், அப்போதைய மின்ட் தலைவர். அச்சு வெட்டாத அதிகாரி தன் பெயரையும் போட்டுக்கொண்டிருக்கிறார்! வெட்டியவர் ரோமிலிருந்து வந்த பெனெடெட்டோ பிஸ்த்ருச்சி. குதிரை மேல் செயின்ட் ஜார்ஜ், கீழே டிராகன், அதுவும் அவர் கைதான்.

உங்கள் வில்லியமுக்கும் இவருக்கும் ஆகாது. நான்காம் ஜார்ஜ் ராஜா, சிற்பி சான்ட்ரி செய்த சிலையைப் பார்த்துக் காசுக்கு என் தலையை வெட்டு என்றாராம். இன்னொருவன் வேலையைப் பார்த்து நான் காப்பியடிக்க மாட்டேன் என்று பிஸ்த்ருச்சி மறுத்துவிட்டார். வில்லியம் வெட்டினார். 1828இல் தலைமைச் செதுக்குநர் பதவியும் அவருக்கே போனது. வெளிநாட்டுக்காரர் என்பதால் பிஸ்த்ருச்சிக்கு அந்தப் பெயர் கடைசி வரை கிடைக்கவில்லை, தலைமைப் பதக்கக் கலைஞர் என்று வேறொரு பட்டம் கொடுத்துச் சமாளித்தார்கள்.

எனக்கு அவர்மேல்தான் பாசம். 1819இல் ஒப்புக்கொண்ட வாட்டர்லூ பெரும் பதக்கத்தின் (சிப்பாய்களுக்குக் கொடுத்தது வேறு) அச்சை 1849இல்தான் கொண்டுவந்து கொடுத்தார். முப்பது வருஷம். அதை வாங்க வேண்டிய பெரிய மனிதர்களில் அப்போது உயிரோடு இருந்தவர் வாட்டர்லூ தளபதி வெலிங்டன் ஒருவர்தான். அச்சைக் கெட்டிப்படுத்தினால் உடைந்துவிடும் என்று பயந்து மின்ட் அதை அடிக்கவே இல்லை. 1855இல் விண்ட்சர் பக்கம் இங்கிள்ஃபீல்ட் கிரீனில் அவர் இறந்தார்.

* * *

அந்தப் பயம் நியாயமானதுதான் சார். எங்கள் அப்பா நகை அச்சு வெட்டும் ஆசாரி. மேடாக வர வேண்டியதைப் பள்ளமாக வெட்ட வேண்டும், வலது இடதாக மாறும். கொஞ்சம் வெட்டுவார், மெழுகை வைத்து அழுத்திப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், மறுபடி வெட்டுவார். இரும்பு மெத்தென்று இருக்கும்போதுதான் உளி ஏறும். அடிக்கத் தாங்க வேண்டுமென்றால் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்க வேண்டும். அந்த ஒரு நொடியில் 'டக்'கென்று சத்தம் கேட்டால் ஒரு மாத வேலை போச்சு. அப்பா அன்றைக்குச் சாப்பிட மாட்டார், யாரும் கூப்பிடவும் மாட்டோம். உள்ளங்கை அளவு அச்சில், முப்பது வருஷ வேலையை எவன் தண்ணீரில் முக்குவான்?

அப்பா எந்த அச்சிலும் பெயர் வெட்டியதில்லை. ஆனால் அவர் வெட்டிய இலையின் நடு நரம்பு கொஞ்சம் இடது பக்கம் சாயும். கல்யாண வீடுகளில் அதை வைத்தே கண்டுபிடித்திருக்கிறேன்.

* * *

நான் தபால்தலைப் பக்கத்து ஆள். 1840இல் வந்த உலகின் முதல் ஒட்டும் தபால்தலை, கறுப்புப் பென்னி, அதில் இருக்கும் முகமும் உங்கள் வில்லியம் வயன் வெட்டியதிலிருந்து வந்ததே. 1837 நவம்பரில் ராணி லண்டன் கில்டுஹால் மண்டபத்துக்குப் போனதற்காக அவர் செய்த பதக்கம். அதைப் பார்த்து ஹென்றி கார்போல்ட் வரைய, சார்லஸ் ஹீத்தும் மகன் ஃபிரெடரிக்கும் தகட்டில் வெட்டினார்கள். இருபது வருஷம் தபால்தலை சேர்த்த பிறகுதான் அந்த முகம் முதலில் உலோகத்தில் இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. வெட்கக்கேடு.

ஒரு கேள்வி. உங்கள் அப்பத்தா காசில் விக்டோரியா குயின் என்ற எழுத்து தலைக்கு மேல் விடாமல் ஓடுகிறதா, இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கிறதா? தேதியை நம்பாதீர்கள். 1862இல் புது ரூபாய் வரும்வரை எல்லாவற்றிலும் 1840 என்றே போட்டு அடித்தார்கள். தொடர்ந்து ஓடினால் முதலில் வந்தது. பிரிந்திருந்தால் 1850க்குப் பிறகு அடித்தது.

* * *

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பிரிந்துதான் இருக்கிறது. இடது பக்கம் விக்டோரியா, வலது பக்கம் குயின், நடுவில் அப்பத்தா கொக்கி மாட்டிய ஓட்டை. அப்படியென்றால் இந்தக் காசை அடித்தபோது வில்லியம் பெரும்பாலும் உயிரோடு இல்லை. கட்டுரையை அனுப்பிய நாலு பேருக்கும் நாளைக்குத் திருத்தம் எழுத வேண்டும், இதையும் சேர்த்து.