அப்பா அம்மா கல்யாணச் சான்றிதழ் எங்கே வாங்குவது? (அவசரம்)

தூண்டில்முள் | வியாழன், காலை 7.12

எல்லாருக்கும் வணக்கம். அப்பா அம்மாவின் கல்யாணச் சான்றிதழ் அவசரமாக வேண்டும். கல்யாணம் 1981இல் ஊர்க் கோயிலில் நடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் போய்க் கேட்டேன். சாமியார் புதிதாக வந்தவர். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த வருஷம் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டார். பதிவுத்துறை இணையதளத்திலும் தேடினேன், ஒன்றும் வரவில்லை. அடுத்த வாரத்துக்குள் கொடுக்கச் சொல்கிறார்கள். வேறு எங்கே கேட்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வேலைக்குக் கிளம்புகிறேன், ராத்திரி வந்து பார்க்கிறேன்.

கோமதி_நெல்லை | 7.40

எந்த ஊர், எந்த மாவட்டம்? கேட்பது யார், எதற்காக? அப்பா அம்மா இரண்டு பேரும் இருக்கிறார்களா? இது எதுவும் தெரியாமல் யார் என்ன சொன்னாலும் குருட்டாம்போக்குதான் தம்பி.

வடைமாலை | 8.05

சாமியார் எதற்குக் கல்யாணப் புத்தகம் வைத்திருக்கிறார்? எங்கள் ஊர்ச் சாமியார் குறிதான் சொல்வார்.

மஞ்சப்பை | 8.31

அறநிலையத்துறைக் கோயிலாக இருந்தால் செயல் அலுவலரிடம் எழுதிக் கொடுத்து ரசீதின் அடிக்கட்டையைத் தேடச் சொல்லுங்கள். என் கல்யாண ரசீதை அப்படித்தான் எடுத்தேன். ஆனால் என் கல்யாணம் 2014. 81ஆம் வருஷத்து அடிக்கட்டையைக் கரையான் விட்டுவைத்திருக்குமா என்று தெரியவில்லை.

பழைய_குமாஸ்தா | 9.02

இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை இங்கே வருகிறது. மேலே தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, அலங்காரத்துக்கு வைத்ததல்ல.

கோயில் ரசீது வேறு, பதிவுச் சான்று வேறு. இங்கே வந்து தாலி கட்டினார்கள் என்பதற்குத்தான் கோயில் ரசீது கொடுக்கும். சான்று கொடுப்பவர் சார்பதிவாளர். 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பதிவு செய்யலாம், அதற்கான விதிகள் நம் மாநிலத்தில் 1967இல் வந்தன. அப்போதெல்லாம் விருப்பம் இருந்தால் பதிவு, இல்லையென்றால் இல்லை. கட்டாயம் என்று ஆனது 2009 தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தால்தான், அதுவும் 24.11.2009 முதல். ஆக, 1981இல் கோயிலில் நடந்த கல்யாணம் நூற்றுக்குத் தொண்ணூறு பதிவாகியிருக்காது. இல்லாத பதிவுக்கு எங்கே போய் நகல் கேட்பீர்கள்?

ஒருவேளை பதிவு செய்திருந்தால், எந்தச் சார்பதிவகம், எந்த வருஷம் என்று தெரிந்துகொண்டு நேரில் போங்கள். 8(4) படி அந்தப் பதிவேட்டை யாரும் பார்வையிடலாம். கட்டணம் கட்டினால் சான்றிட்ட நகல் தர வேண்டும். பழைய பதிவு இணையத்தில் வரவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். இவ்வளவுதான் விஷயம்.

பத்துரூபாய்_மனு | 9.15

தகவல் உரிமை மனு ஒன்று போடுங்கள். 10 ரூபாய்தான். பதிவு உண்டா இல்லையா என்று எழுத்தில் பதில் வரும். எதற்கும் மனு போட்டு வைப்பது நல்லது.

கோமதி_நெல்லை | 9.22

@பத்துரூபாய்_மனு அவருக்கு அடுத்த வாரம் வேண்டுமாம். உங்கள் மனுவுக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். உங்களுக்குப் பல்வலி வந்தாலும் மனுதான் போடுவீர்கள் போல.

மல்லிகைச்சரம் | 10.10

குமாஸ்தா சார், ஒரு சந்தேகம். யாரும் பார்வையிடலாம் என்றால், யார் வேண்டுமானாலும் என் கல்யாணப் பதிவைத் துருவிப் பார்க்கலாமா? முகவரி, அப்பா பெயர் எல்லாம் அதில் இருக்கிறதே.

பழைய_குமாஸ்தா | 10.26

பார்க்கலாம். கல்யாணம் ஊரறிய நடப்பது, பதிவேடும் ஊரறிய இருப்பது. ஏற்கெனவே ஒரு மனைவி இருப்பவன் இன்னொரு பெண்ணைக் கட்டப் பார்த்தால், அந்தப் பெண்ணின் அப்பா எங்கே போய் விசாரிப்பார்? அதற்காகத்தான் திறந்து வைத்தார்கள்.

சரக்கொன்றை | 10.58

திறந்து வைப்பதன் அருமையை என்னிடம் கேளுங்கள். எங்கள் கல்யாணம் 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில். பெயர், வயது, முகவரி எல்லாம் எழுதிய அறிவிப்பு 30 நாள் அலுவலகப் பலகையில் தொங்கியது. பன்னிரண்டாம் நாள் என் பெரியப்பா அந்த அலுவலக வாசலில் நின்றார். யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஊரறிய என்பதெல்லாம் ஊர் நம் பக்கம் இருக்கிறவர்களுக்குத்தான் சார்.

பழைய_குமாஸ்தா | 11.14

நீங்கள் சொல்வது கல்யாணத்துக்கு முந்தைய அறிவிப்பு. நான் சொல்வது கல்யாணத்துக்குப் பிந்தைய பதிவேடு. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

சரக்கொன்றை | 11.20

எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. அடி வாங்கியது நான்.

மல்லிகைச்சரம் | 11.37

சாதி மறுப்புக் கல்யாணம் என்றால், இரண்டு பேரும் இந்துக்களாக இருந்தால், இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவில் சுயமரியாதைக் கல்யாணம் செய்யலாமே. 1967 திருத்தம். மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ போதும், 30 நாள் அறிவிப்பும் கிடையாது.

மஞ்சப்பை | 11.52

அதிலும் வக்கீல் அறையில் வைத்து நடத்தினால் செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறதே?

மல்லிகைச்சரம் | மதியம் 12.08

அது 2014. 2023இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு சரியல்ல என்று சொல்லிவிட்டது. இந்தக் கல்யாணம் ஊரைக் கூட்டித்தான் நடக்க வேண்டும் என்பதில்லை.

வடைமாலை | 12.30

கேள்வி கேட்ட ஆளைக் காணோம். நாம் கல்யாணமே நடத்தி முடித்துவிட்டோம்.

தூண்டில்முள் | இரவு 9.48

மன்னிக்கவும், இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். தூத்துக்குடி மாவட்டம், கடலோர ஊர். அப்பா மூன்று மாதத்துக்கு முன்னால் தவறிவிட்டார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வாங்க வேண்டும். அப்பாவின் பணிப்பதிவேட்டில் அம்மா பெயர் ஒருவிதமாக இருக்கிறது, ஆதாரில் வேறுவிதமாக இருக்கிறது. அதனால் கல்யாணச் சான்று கேட்கிறார்கள். சிலர் ரசீது, அறநிலையத்துறை என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்குப் புரியவில்லை. எங்கள் கோயில் அந்தோணியார் கோயில். மூன்று ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்து, பூசை வைத்து நடந்த கல்யாணம் என்று அம்மா சொல்கிறார்.

வடைமாலை | 9.55

அட! சாமியார் என்றால் பாதிரியாரா! அப்பாவுக்கு என் அஞ்சலி. காலையில் கிண்டல் செய்ததை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கோமதி_நெல்லை | 10.01

எனக்கே தோன்றியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) ஊர்களில் கோயில் என்றால் மாதா கோயில், அந்தோணியார் கோயில்தான். சாமியார் என்றால் பங்குச் சாமியார்தான் (பங்கு என்றால் ஒரு பாதிரியார் பொறுப்பில் இருக்கும் வட்டாரம்). சென்னைக்காரர்களுக்கு விளங்காது.

பழைய_குமாஸ்தா | 10.15

இதை முதல் வரியில் சொல்லியிருந்தால் நான் அரைப்பக்கம் தட்டியிருக்க வேண்டாம். கிறிஸ்தவக் கல்யாணத்துக்கு 1872ஆம் வருஷத்துச் சட்டம். பங்கில் நடந்த கல்யாணங்களின் விவரம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசுக்குப் போக வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்தப் பிரதி சென்னை சாந்தோமில் பதிவுத்துறைத் தலைவர் அலுவலகத்தில் இருக்கும். நேராக அங்கே போங்கள். ஊர்ச் சாமியாரிடம் இனி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

காவேரிக்கரை | 10.21

இவ்வளவு சிரமம் எதற்கு? இப்போது புதிதாகப் பதிவு செய்துவிடலாமே. இரண்டு பேரும் சாட்சிகளோடு போனால் முடிந்துவிடும்.

கோமதி_நெல்லை | 10.24

@காவேரிக்கரை அப்பா தவறிவிட்டார் என்று நாலு பதிவுக்கு மேலே எழுதியிருக்கிறார். படித்துவிட்டு எழுதுங்கள்.

உபதேசியார்_வீடு | 10.50

தம்பி, சென்னைக்கு டிக்கெட் போடாதீர்கள். சாந்தோமில் போய் நின்றாலும் அங்கே முதலில் கேட்பது எந்தப் பங்கு, எந்தத் தேதி என்றுதான். அந்த விவரம் ஊரில்தான் கிடைக்கும்.

எங்கள் அப்பா முப்பது வருஷம் உபதேசியார், அதாவது சாமியாருக்கு உதவியாக வேதம் சொல்லிக் கொடுப்பவர். இந்தப் புத்தகங்களோடுதான் வளர்ந்தேன். ஒன்று சொல்லுங்கள். சாமியார் 1981ஆம் வருஷத்துப் பக்கத்தில் தேடிப் பெயர் இல்லை என்றாரா, இல்லை 1981ஆம் வருஷத்துப் புத்தகமே அங்கே இல்லை என்றாரா? இரண்டும் வெவ்வேறு.

தூண்டில்முள் | 10.58

புத்தகமே 1994இலிருந்துதான் இருக்கிறது அண்ணா. பழையது தொலைந்துபோயிருக்கும் என்கிறார்.

உபதேசியார்_வீடு | 11.25

தொலையவில்லை. உங்கள் ஊர் அனேகமாக 1994இல்தான் தனிப் பங்கு ஆகியிருக்கும். அதற்கு முன்னால் பக்கத்து ஊரின் கிளையாக இருந்திருக்கும். கல்யாணம் உங்கள் ஊர்க் கோயிலில் நடந்தாலும் எழுதியது தாய்ப்பங்குப் புத்தகத்தில்தான். பங்கைப் பிரிக்கும்போது பழைய புத்தகத்தை யாரும் பிரித்துக் கொடுக்க மாட்டார்கள், அது தாய்ப்பங்கிலேயே இருந்துவிடும். புதிதாக வந்த சாமியாருக்கு இந்த வரலாறு தெரிந்திருக்காது. ஊரில் எழுபது வயசுக்கு மேல் யாராவது இருந்தால், "முன்னால் நமக்குச் சாமியார் எந்த ஊரிலிருந்து பூசைக்கு வருவார்?" என்று கேளுங்கள். அந்த ஊர்தான்.

அடுத்தது பெயர். அப்பாவைக் கூப்பிட்ட பெயரிலேயே புத்தகத்தில் தேடி ஏமாந்துபோகாதீர்கள். ஞானஸ்நானப் பெயரை எழுதியிருப்பார்கள், அதையும் அந்தச் சாமியார் தமிழில் எழுதினாரா, இங்கிலீஷில் எழுதினாரா என்பதைப் பொறுத்து மாறும். ராயப்பன் பீட்டர் ஆகியிருப்பார். சின்னப்பன் பவுல், சூசை ஜோசப், முடியப்பன் ஸ்டீபன், அருளப்பன் ஜான். அம்மாவின் பெயரில் குழப்பம் என்றீர்களே, அதுவும் இந்தக் கதையாகத்தான் இருக்கும். கல்யாணம் நடந்த மாதம் தெரிந்தால் பெயரை விட்டுவிட்டுத் தேதி வரிசையில் பாருங்கள். தவக்காலத்திலும் (ஈஸ்டருக்கு முன்) திருவருகைக் காலத்திலும் (கிறிஸ்துமஸுக்கு முன்) நம் பக்கம் கல்யாணம் வைப்பது அபூர்வம், அந்தப் பக்கங்களைத் தள்ளிவிடலாம்.

புத்தகம் கரையான் தின்றிருந்தாலும் ஒரு வழி உண்டு. கல்யாணம் முடிந்ததும் அந்தச் செய்தியை மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஞானஸ்நானம் கொடுத்த பங்குகளுக்கு அனுப்ப வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அங்கே ஞானஸ்நானப் புத்தகத்தில், அவர்கள் பெயருக்கு நேரே ஓரத்தில் எழுதி வைப்பார்கள். அம்மா எந்த ஊர்?

தூண்டில்முள் | 11.31

அம்மா மணப்பாடு பக்கம்.

உபதேசியார்_வீடு | 11.36

அப்படியென்றால் தாய்ப்பங்கில் கிடைக்காவிட்டால் அம்மாவின் பங்குக்குப் போங்கள். அம்மா கையெழுத்தோடு ஒரு கடிதம், அப்பாவின் இறப்புச் சான்று, இரண்டு பேரின் அடையாள அட்டை எடுத்துப் போங்கள். ஞாயிறு பூசை முடிந்த கையோடு போய் நிற்காதீர்கள். அன்றைக்குச் சாமியாருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வார நாளில் போய், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையைப் பிடித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பழைய_குமாஸ்தா | 11.44

அப்படி வாங்கும் பங்குச் சான்றை அலுவலகத்தில் ஏற்க மாட்டார்கள். அரசு முத்திரை வேண்டும். அனுபவத்தில் சொல்கிறேன்.

உபதேசியார்_வீடு | 11.53

1872 சட்டம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அதே சட்டத்தின் 79, 80ஆம் பிரிவுகளையும் பாருங்கள். பதிவேடு யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர் தேட அனுமதித்துக் கையெழுத்திட்ட நகல் தர வேண்டும், அந்த நகல் சாட்சியமாகச் செல்லும். வெளிநாட்டுக்கு என்றால் சாந்தோம் நகல் கேட்பார்கள், என் தங்கைக்கு அப்படித்தான் வாங்கினோம். ஓய்வூதியத்துக்கு முதலில் பங்குச் சான்றைக் கொடுத்துப் பார்க்கட்டும்.

பழைய_குமாஸ்தா | 11.59

பார்க்கட்டும். திருப்பி அனுப்பினால் இங்கே வந்து சொல்லட்டும்.

மல்லிகைச்சரம் | வெள்ளி, காலை 6.45

கூடவே தாசில்தாரிடம் வாரிசுச் சான்றுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். அதில் அம்மா மனைவி என்று வந்துவிடும். ஒரு காகிதம் சறுக்கினால் இன்னொன்று கைகொடுக்கும்.

சரக்கொன்றை | 7.30

ஓலை வாசிப்பதும் ஒரு வகையில் நோட்டீஸ்தானே? மூன்று ஞாயிறு கோயிலில் சத்தமாகப் பெயரைப் படித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்கிறார்கள். ஆனால் அங்கே கேட்பவர்கள் தெரிந்த சனம். பலகையில் தொங்குவதைப் படிப்பவன் எவனோ.

உபதேசியார்_வீடு | 7.52

தெரிந்த சனம்தான் அம்மா அதிகம் ஆட்சேபிக்கும். எங்கள் அப்பா மூன்றாவது ஓலையில் எத்தனை கல்யாணம் நின்றது என்று கதைகதையாகச் சொல்வார். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், எழுதுகிறேன்.

பத்துரூபாய்_மனு | 8.10

பங்கில் நகல் தர மறுத்தால், சாந்தோமுக்குப் பிரதி வந்திருக்கிறதா என்று ஒரு மனு போட்டு வையுங்கள். சொன்னேன், அவ்வளவுதான்.

தூண்டில்முள் | செவ்வாய், இரவு 8.20

கிடைத்துவிட்டது. தாய்ப்பங்கில்தான் இருந்தது. அப்பா பெயர் பீட்டர் என்று எழுதியிருந்தது, அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். அம்மா தன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நாளைக்கு அலுவலகத்தில் கொடுக்கிறேன். உபதேசியார் அண்ணனுக்கும் எல்லாருக்கும் நன்றி.

கோமதி_நெல்லை | 8.34

நல்லது தம்பி. அலுவலகத்தில் ஏற்றுக்கொண்டார்களா என்று வந்து ஒரு வரி எழுதுங்கள்.

பழைய_குமாஸ்தா | 9.05

பீட்டர் என்று இருக்கிற சான்று, பணிப்பதிவேட்டில் ராயப்பனா? அப்படியென்றால் இப்போது அப்பாவின் பெயரிலும் பிரச்சினை. ஞானஸ்நானச் சான்றும் வாங்கினீர்களா?

மஞ்சப்பை | சனி, காலை 10.15

@தூண்டில்முள் என்ன ஆயிற்று?

நெய்தல்_7 | அடுத்த புதன், மதியம் 3.40

எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), நாசரேத் பக்கம், 1976. சேகர (எங்கள் சபையில் பங்கு மாதிரி) அலுவலகத்தில் கேட்டால் அந்தப் புத்தகம் பழைய குருவானவரோடு போய்விட்டது என்கிறார்கள். உபதேசியார் அண்ணன் இருக்கிறாரா?