கொழுந்து நிறுக்கும் மடுவத்து நெருக்கடியைக் குறைக்க வழி சொல்லுங்கள்

உறவுகளே, இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு போட்டபோதும் கொழுந்து எடுப்பது நிற்கவில்லை, இப்போதும் நிற்காது. மலையில் நிரை பிடித்து நிற்கையில் ஆளுக்கு ஆள் இடைவெளி இருக்கிறது. காய்ச்சல் தொற்றிவிடும் என்ற பயமெல்லாம் கொழுந்து நிறுக்கும் நிறுவை நேரத்தில்தான். எல்லாக் கங்காணிமாரின் ஆட்களும் ஒன்றாக மடுவத்துக்குள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். மழை நாளில் இன்னும் மோசம். கை கழுவக் குழாயும் கிடையாது.

அதைவிடப் பெரிய பிரச்சினை, காய்ச்சலென்று வீட்டில் நின்றால் அன்றைய பேர் (நாட்சம்பளம்) போய்விடும். அதனால் சொல்லாமலே கூடையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் (வரிசை வீட்டு அறையில்) யாரை எங்கே தனியாக வைப்பது?

உங்கள் தோட்டத்தில் நிறுவையைக் கங்காணி வாரியாக வேறு வேறு நேரத்துக்கு மாற்றியிருக்கிறீர்களா? தொரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) எப்படிப் பேசினீர்கள்? காய்ச்சல்காரருக்குப் பேர் போட வைத்தவர்கள் யாராவது இருந்தால், கொடுத்த கடிதத்தின் பிரதியை அனுப்புங்கள். 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தைக் காட்டி ஃபெக்டரிக்குள் கேட்கலாம். மலையில் நிற்பவர்களுக்கு எதைக் காட்டிக் கேட்பது என்று தொழிற்சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வருகிறார், அதற்கு முன் கிடைத்தால் பெரிய உதவி.