சேலம் வெயிலுக்கு எந்த ரோஜா? எட்வர்டா, டபுள் டிலைட்டா?

சூரமங்கலத்தான்:
வணக்கம்ங்க. வீட்டு முன்னாடி கிழக்கு பாத்து பத்தடி நீளத்துக்கு மண் தரை இருக்கு, நாலு ரோஜா வெக்கலாம்னு இருக்கேன். காலைல இருந்து ஒரு மணி வரைக்கும் நல்ல வெயில், அப்புறம் வீட்டு நிழல் விழுந்துரும். போர் தண்ணிதான், பக்கெட்ல வெள்ளையா உப்பு படியும். அம்மாவுக்கு தினம் சாமிக்கு வெக்க வாசமா நாலு பூவாச்சும் வேணுமாம், வீட்டம்மாவுக்கு ஏற்காடு மலர் கண்காட்சில பாத்த சைஸ்ல வேணுமாம். நர்சரில டபுள் டிலைட், ஐஸ்பெர்க், டச்சு ரோஸ்னு வரிசையா காட்டி எல்லாமே சூப்பரா வரும்ங்கறாங்க, அப்படி சொன்னாலே எனக்கு டவுட்டு. எதுங்க வாங்கறது?

கன்னங்குறிச்சி அக்கா:
தம்பி, அம்மா கேக்கறதுக்கு எட்வர்ட் தான், வேற யோசிக்கவே வேணாம். ரோஸ் கலர், நல்ல வாசம், மாலைக்கு கட்டறதுக்கு விக்கிறதும் அதுதான். வருஷம் பூரா பூக்கும், சித்திரை வெயில்ல பூ சிறுத்துப் போகுமே தவிர ஒரேடியா நிக்காது. குச்சி வெட்டி வெச்சாலே வேர் புடிச்சுக்கும், தெரிஞ்சவங்க வீட்டுல இருந்தா காசு குடுத்து வாங்கவே வேணாம். ஆனா பூவ விடியக்காலம் பறிச்சிரணும், வெயில் ஏறிட்டா கைய வெச்சதும் இதழ் கொட்டிரும்.

மலைமேல இருந்து:
ஏற்காட்டுல பாத்த பூவ கீழ எதிர்பாக்காதீங்க சார், செடி அதேதான், ஊருதான் வேற. இங்க கிட்டத்தட்ட 5000 அடி உயரம், சேலம் ஆயிரம் அடி கூட கிடையாது. குளிர்ல மொட்டு மெதுவா விரியறதால பூ பெருசா வரும், செடிலயே ரொம்ப நாள் நிக்கும், கீழ ஏப்ரல்ல அதே மொட்டு ரெண்டு நாள்ல விரிஞ்சு ஓரமெல்லாம் கருகிரும். அதுக்காக எங்களப் பாத்து பொறாமப்படாதீங்க, இலை மேல ஏழு மணி நேரம் ஈரம் நின்னாலே கரும்புள்ளி நோய் வந்துரும், இங்க மழையும் மூடுபனியும்னா நாள் கணக்குல காயாது. மழைக்காலம் முடியறப்ப என் டபுள் டிலைட் அடில ஒரு இலை இல்லாம குச்சி குச்சியா நிக்கும், உச்சில மட்டும் ஒரு பூ. சேலத்துல அந்த தொல்ல கம்மி, ஆனா கோடைல சிலந்திப்பேன் வரும், இலைய திருப்பிப் பாத்துட்டே இருங்க.

வீட்டம்மாவுக்கு டபுள் டிலைட் ஒண்ணு வாங்கிக் குடுங்க. 1977ல வந்த பழைய ரகம், வாசத்துக்கு இன்னும் அத அடிச்சுக்க ஆள் குறைவு. மொட்டு வெண்ணெய் கலர்ல இருக்கும், வெயில் பட பட ஓரத்துல இருந்து சிவப்பு ஏறும், அதனால உங்க காலை வெயில் அதுக்கு ரொம்ப பொருத்தம். நல்ல பூ மார்கழி, தைலதான் பாப்பீங்க.

கவாத்து கத்தி:
டச்சு ரோஸ விட்ருங்க. ஓசூர்ல அத பாலிஹவுஸ்குள்ள (பிளாஸ்டிக் ஷீட் போட்ட கூடாரம்) வெச்சு சொட்டு நீர்லயே உரம் கலந்து குடுத்து வளக்கறாங்க, நீளக் காம்புக்காகவும் ஜாடில நிறைய நாள் நிக்கறதுக்காகவும் உருவாக்குன ரகம், வாசம் பெருசா இருக்காது, உங்கம்மா ஒரு தடவ மோந்து பாத்துட்டு திருப்பிக் குடுத்துருவாங்க 😄

அதவிட முக்கியம் உங்க மண்ணு. சேலத்துல சுண்ணாம்புக்கரடு, மேக்னசைட் சுரங்கம் பக்கமெல்லாம் மண் காரத்தன்மை, கூடவே உங்க உப்புத் தண்ணி. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா தெரிஞ்சா இரும்புச்சத்த வேர் எடுக்க முடியலன்னு அர்த்தம், மண்ணுல போட்டா அங்கயே கட்டுண்டு போயிரும், அதனால அன்னபேதி உப்பு (இரும்பு உப்புதான்) லிட்டர் தண்ணிக்கு 5 கிராம், கொஞ்சம் எலுமிச்சை சாறு விட்டு சாயங்காலம் இலைல அடிங்க. குழி ஒன்றரை அடி, நல்லா மக்குன சாணி எரு போடுங்க. ஒட்டுச் செடில ஒட்டு கட்டுன இடம் மண்ணுக்கு மேல இருக்கணும், அதுக்கு கீழ வர்ற துளிர் காட்டு ரோஜா, பாக்க கொழுகொழுன்னு இருக்கேன்னு விட்டீங்கன்னா மேல இருக்கறத சாகடிச்சிரும்.

சூரமங்கலத்தான்:
எல்லாருக்கும் நன்றிங்க. அப்ப எட்வர்ட் ரெண்டு, டபுள் டிலைட் ஒண்ணு. நாலாவது ஐஸ்பெர்க் வெக்கலாமா? வீட்டுல மூணு வயசுப் பையன் இருக்கான். அப்புறம் பொங்கலுக்கு பூ கெடைக்க என்ன பண்ணணும்?

கன்னங்குறிச்சி அக்கா:
தாராளமா வெய்யி. வெள்ளையா கொத்துக் கொத்தா பூக்கும், முள்ளு கம்மி, வாசத்த மட்டும் எதிர்பாக்காத. பொங்கல் பூவுக்கு நவம்பர் கடைசில, மழை கொஞ்சம் ஓஞ்சதும் கவாத்து பண்ணு, அதான் கிளைய வெட்டி விடறது, வெட்டுனதுல இருந்து பூக்க நாப்பத்தஞ்சு நாள் கணக்கு. மொத வருஷம் நுனிய மட்டும் வெட்டு, அடியோட வெட்டிராத.

சூரமங்கலத்தான்:
சரிங்க்கா. அன்னபேதி நாட்டு மருந்து கடைல கெடைக்குமா?

கவாத்து கத்தி:
அங்க போனா மருந்தா சாப்பிடற அன்னபேதி செந்தூரத்த எடுத்து நீட்டுவாங்க, விலையும் ஜாஸ்தி. உரக்கடைல ஃபெரஸ் சல்பேட்னு கேளுங்க.