ஹெட்ஸ்பேஸ்: தலைவெளியா, முட்டளவா?

> பண்டாரவளை அக்கா எழுதியது: “ஹெட்ஸ்பேஸ் = தலைவெளி. சின்னச் சொல், வாயிலும் நிற்கும். போட்டுவிடலாமா?”

அக்கா, துவக்கின் ஹெட்ஸ்பேஸுக்குத் தலைவெளி வேண்டாம். நம் கடைசல் கைநூலில் கணிச்சிகள் (அளவு சரிதானா என்று வைத்துப் பார்க்கும் கருவிகள், ‘கேஜ்’) பற்றிய அதிகாரத்துக்கே இதுதான் முதல் உதாரணம் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

“வெளி” என்று படிக்கிற பிள்ளை ஓர் இடைவெளியைத் தேடும். ஹெட்ஸ்பேஸ் என்பதோ ஒரு நீளம். ரவைக்குப் பின்னால் மூடும் போல்ட் பூட்டியிருக்கும்போது அதன் முகத்திலிருந்து, ரவை குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் இன்னும் முன்னே போக முடியாமல் முட்டி நிற்கும் இடம் வரையான தூரம். எது முட்டுகிறது என்பது ரவைக்கு ரவை மாறும். 1900இல் நம் மலைகளில் துரைமாரைச் சேர்த்து பிளாண்டர்ஸ் ரைபிள் கோர் தொடங்கிய காலத்து .303 ரவையில் அடி விளிம்பு முட்டும். .308 வின்செஸ்டர் ரவையில் கோதின் தோள், அதாவது பித்தளைக் கூடு கழுத்தை நோக்கிச் சரியும் பகுதி, முட்டும். அந்தச் சரிவில் விட்டம் 0.400 அங்குலமாகும் வட்டம் வரை அளப்பார்கள். அடிப்பக்கம் வளையம்போல் பெல்ட் வைத்த மேக்னம் ரவைகளுக்கு அந்த பெல்ட், கைத்துப்பாக்கி ரவையான .45 ஏசிபிக்குக் கோதின் வாய். எல்லாவற்றுக்கும் பொது, முட்டுவதுதான். அதனால் “முட்டளவு” என்கிறேன்.

ரவையை உள்ளே வைத்துப் பூட்டிய பிறகு அதற்கும் போல்ட் முகத்துக்கும் நடுவே மிஞ்சும் இடம் வேறு. தொழிற்சாலையில் நாங்கள் ‘ப்ளே’ என்பது அதுதான். அதற்கு “இளக்கம்” போதும். அறைக்கு உரியது முட்டளவு; அறையும் ரவையும் சேர்ந்தால் வருவது இளக்கம். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பினால் சோதனையே பிழைத்துவிடும்.

ஆளுக்கேற்பக் கட்டும் ரைபிளில் இது இன்னும் முக்கியம். போல்ட் ஒரு கம்பனியுடையது, குழல் இன்னொன்று, அறையைக் குடைந்த ரீமர் மூன்றாவது இடத்தது. லேத்தில் குழலின் தோளை (குழலைத் திருகும்போது துவக்கின் உடலில் முட்டி நிற்கும் படியை) கொஞ்சம் அதிகமாகச் சீவினால் முட்டளவு குறைந்துவிடும். அளக்கும்முன் அறையைத் துடைத்து, போல்ட்டிலிருந்து ஊசியையும் கோதை இழுக்கும் கொக்கியையும் தள்ளும் முனையையும் கழற்ற வேண்டும். பிறகு கணிச்சியை வைத்து, கைபிடியை விரலால் மட்டும் இறக்க வேண்டும். பலம் கொடுத்தால் பொய்யளவு வரும், கணிச்சியும் கெடும்.

.308க்கு வழக்கமான கணிச்சிகள் 1.630, 1.634, 1.638 அங்குலம். முதலாவதை வைத்தால் போல்ட் பூட்டிக்கொள்ள வேண்டும், இரண்டாவதை வைத்தால் பூட்டிக்கொள்ளக் கூடாது. பூட்டினால் புதுக் குழலைக் கழற்றி மறுபடி அமைக்க வேண்டியதுதான். மூன்றாவதன்மேலும் பூட்டும் துவக்கைச் சுடவே கூடாது. முட்டளவு மிஞ்சிய அறையில் கோதின் முன்பக்கம் சுவரோடு ஒட்டிக்கொள்ள, அடிப்பக்கம் பின்னால் இழுபடும். அடிக்குச் சற்று மேலே பித்தளை மெலியும். அங்கே அறுந்தால் சூடான வாயு சுடுகிறவர் முகத்தை நோக்கி வரும்.

முதல் இரண்டு கணிச்சிகளுக்கும் “கொள் கணிச்சி”, “கொள்ளாக் கணிச்சி” என்றும், மூன்றாவதற்குக் “கழிப்புக் கணிச்சி” என்றும் வைக்கலாமா?

– அட்டனிலிருந்து

---

தம்பி, கணிச்சி சரி. திருகுக் கணிச்சி என்று பாடசாலையில் படித்த பிள்ளைகளுக்கு அது புதிதில்லை. கொள், கொள்ளாவும் நன்றாக இருக்கிறது. பூட்டுமா பூட்டாதா என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

முட்டளவில்தான் எனக்குத் தயக்கம். அச்சில் ஒரு நெடில் ஏறினால் “மூட்டளவு” ஆகிவிடும். குழலும் போல்ட்டும் மூட்டும் இடத்தின் அளவென்று படிப்பார்கள். “முட்டுநீளம்” என்றால்? நீங்கள் வலியுறுத்துகிற நீளமும் அதில் வந்துவிடுகிறது.

– பண்டாரவளை

---

அக்கா, முட்டுநீளம் என் சொல்லைவிட நல்லது, எடுத்துக்கொள்வோம். .303இல் அளப்பது விளிம்பின் தடிப்புக்கான இடத்தை; அது குறைந்தது 0.064 அங்குலம். அவ்வளவு சின்னதை நீளம் என்பதா என்று யாராவது கேட்டால், திசை குழலின் நெடுக்கில்தான் என்று விளக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.

இனி மிச்சம், தோளில் அளவெடுக்கும் அந்த 0.400 அங்குல வட்டம். “அளவு வட்டம்” என்றால் விட்டத்தை அளப்பதாகப் படுகிறது. “நிலை வட்டம்” என்று குறித்து வைத்திருக்கிறேன். பதுளை ஐயாவும் மற்றவர்களும் சொல்லுங்கள்.

– அட்டன்